நிற்கத் தெரியாத வண்டிக்கு ஓடும் உரிமை இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பாதியில் தூக்கம் வந்தால் என் வகுப்பில் தூங்கிய மாதிரியே இங்கேயும் தூங்கிக்கொள்ளலாம். ஆனால் கணக்கு வருகிற பகுதியை மட்டும் படித்துவிட்டுத் தூங்குங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தான். 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. வாரம் தவறாமல் பெங்களூரிலிருந்து திண்டுக்கல் வந்து போகிறான். ஓட்டம் முக்கால்வாசி நான்கு வழிச்சாலையில்தான். கையில் இரண்டு லட்சம் இருக்கிறது, வண்டியில் என்னென்ன மாற்றலாம் என்பது கேள்வி.

பதில்கள் மடமடவென்று கொட்டின. ஸ்டேஜ் 1 ரீமேப் போடு என்றான் ஒருவன். டவுன்பைப்பும் எக்ஸாஸ்ட்டும் மாற்றினால்தான் ரீமேப்புக்கு மரியாதை என்றான் இன்னொருவன். 18 இஞ்ச் அலாய், வண்டியைத் தரையோடு இறக்கும் ஸ்பிரிங், எல்இடி பல்பு, கறுப்பு ஃபிலிம் என்று பட்டியல் நீண்டது. "டயர்" என்ற சொல் ஒரே ஒரு முறை வந்தது. அதுவும், "அலாய் மாத்தும்போது லோ ப்ரொஃபைல் போட்டுக்க மாப்ள, லுக் செமையா இருக்கும்" என்று. "பிரேக்" என்ற சொல்லும் ஒரு முறை வந்தது. காலிப்பருக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கச் சொன்ன இடத்தில்.

எனக்குக் கோபம் வந்தது. குழுவில் எழுதினால் பத்து நிமிடத்தில் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நெடுஞ்சாலையில் ஓடும் வேக வண்டிக்குச் செலவு செய்யும் முதல் ரூபாய், அதை நிறுத்துவதற்கும், தரையைப் பிடித்து வைப்பதற்கும், இருட்டில் பார்ப்பதற்கும் போக வேண்டும். அந்த மூன்றும் முடிவதற்கு முன்னால் எஞ்சினில் போடும் ஒவ்வொரு ரூபாயும் தப்பான செலவு. இதை ரசனை விஷயம் என்று சொல்லித் தட்டிக்கழிக்க விடமாட்டேன். சட்டைக்கு என்ன கலர் என்பது ரசனை. ரோட்டில் போகிற இன்னொருத்தரின் உயிர் அதில் சேராது.

முதலில் வண்டியைப் பார்ப்போம்.

விர்டஸ், ஸ்லாவியா போன்ற வண்டிகளில் வரும் அந்த 1.5 டர்போ எஞ்சின் 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைப் பத்து வினாடிக்குள் தொட்டுவிடும். எனக்குத் தெரிந்து திண்டுக்கல்லில் ஒரு காலத்தில் பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து நின்ற அம்பாசிடரின் எஞ்சின் இதில் பாதிகூட வராது. அந்த அம்பாசிடரும் மதுரை போய்த் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தது.

ரோடு எவ்வளவு வேகத்தை அனுமதிக்கிறது? நடுவே தடுப்புள்ள நான்கு வழிச்சாலையில் காருக்கு உச்ச வேகம் 100 கி.மீ. என்று 2018-ல் மத்திய அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பையும் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதாவது 100 என்பதே அதிகம் என்று நீதிமன்றம் வரை போய் வாதாடப்பட்ட எண். நம் தம்பியின் வண்டி கம்பெனியிலிருந்து வந்த கோலத்திலேயே அதை இரண்டாவது, மூன்றாவது கியரில் தாண்டிவிடும். ரோடு விடாத வேகத்துக்கு மேல் இன்னும் முப்பது நாற்பது குதிரைகளைக் கட்டி என்ன செய்யப் போகிறோம்?

அடுத்து, நம் ரோட்டைப் பார்ப்போம்.

என்.எச். 44 காஷ்மீரத்தின் ஸ்ரீநகரில் கிளம்பிக் கன்னியாகுமரியில் முடிகிறது. பழைய ஆட்கள் இன்னமும் என்.எச். 7 என்றுதான் சொல்வோம். தம்பி ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர் வழியாக அதில்தான் வருகிறான். வழியில் தொப்பூர் கணவாய். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வந்த லாரிகள் எத்தனை குடும்பங்களை அங்கே அழித்திருக்கின்றன என்று செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். வேடசந்தூர்ப் பக்கம் வந்தால் நூற்பாலை வேன்கள். ஷிப்டு விடும் நேரத்தில் பிள்ளைகள் இறங்கி ரோட்டைக் கடப்பார்கள். தடுப்பு எங்கே உடைந்திருக்கிறதோ அங்கே ஒரு டூவீலர் மூக்கை நீட்டும். ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போக மனமில்லாமல் எதிர்த்திசையில் வருகிறவர்கள் தனி. பஞ்சராகி நிற்கும் லாரிக்குப் பின்னால் எச்சரிக்கைப் பலகை இருக்காது, இரண்டு கருங்கல்லும் ஒரு வேப்பங்கொப்பும்தான் இருக்கும்.

பழனி ரோட்டைச் சொல்லவே வேண்டாம். தைப்பூசம் நெருங்கினால் காவடியோடும் பையோடும் ராத்திரி முழுக்க ஜனங்கள் நடந்து வருவார்கள். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். அதே ரோட்டில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லாரியும் ஓடும். நம் நெடுஞ்சாலை என்பது இதுதான். யூடியூபில் ஜெர்மனிக்காரன் ஓட்டிக் காட்டும் ஆட்டோபானை மனதில் வைத்துக்கொண்டு இந்த ரோட்டுக்கு வண்டி தயார் செய்யக் கூடாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கைச் சொல்கிறேன். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பத்தில் ஏழு பேர் அதிவேகம் காரணமான விபத்துகளில் போனவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நம்முடையது: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். ஒரு நாளைக்குச் சராசரி 49 பேர். என் வகுப்பில் ஒரு செக்‌ஷனில் இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை அது.

இப்போது கணக்கு. பிளஸ் ஒன் பாடம்தான், பயப்படாதீர்கள்.

காய்ந்த நல்ல ரோடு, நல்ல டயர். உராய்வுக் கெழு 0.7 என்று வைத்துக்கொள்வோம். ஆபத்தைக் கண்ணால் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி. வண்டி 100 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்த ஒன்றரை வினாடியிலேயே 42 மீட்டர் ஓடியிருக்கும். பிரேக் பிடித்தபின் நிற்க இன்னொரு 56 மீட்டர். மொத்தம் 98 மீட்டர். நீளவாக்கில் ஒரு கால்பந்து மைதானம்.

அதே இடத்தில் இன்னொரு தம்பி 140-ல் வருகிறான். அவன் யோசிப்பதற்குள் 58 மீட்டர் போய்விடும். பிரேக் தூரம் 110 மீட்டர். மொத்தம் 168. வேகம் 40 சதவீதம்தான் கூடியது, பிரேக் தூரம் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்று நான் கரும்பலகையில் எழுதியது இதற்குத்தான்.

இதோடு விடவில்லை. 98 மீட்டர் தூரத்தில் ஒரு பெரியவர் சைக்கிளோடு ரோட்டைக் கடக்கிறார். 100-ல் வந்தவன் அவருக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிடுவான். 140-ல் வந்தவன் அவர் நிற்கும் இடத்துக்கு வரும்போது என்ன வேகத்தில் இருப்பான்? நாற்பது என்பீர்கள், ஐம்பது என்பீர்கள். போட்டுப் பாருங்கள், விடை மணிக்கு 112 கி.மீ. முழு பலத்தோடு பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தும் 112. உன் வண்டியில் ஆறு ஏர்பேக் இருக்கிறது தம்பி. அந்தப் பெரியவருக்கு இருப்பது ஒரு துண்டு.

இவ்வளவு ஆபத்துக்கும் கைமேல் கிடைக்கும் லாபம் என்ன? திண்டுக்கல்லிலிருந்து மதுரை ஏறத்தாழ 65 கி.மீ. ஓரிடத்திலும் வேகம் குறையாமல் 100-ல் போனால் 39 நிமிடம். 140-ல் போனால் 28 நிமிடம். மிச்சம் 11 நிமிடம். அதிலும் கொடைரோடு சுங்கச்சாவடியில் முன்னால் நிற்கிறவரின் ஃபாஸ்டேகில் பணம் இல்லாவிட்டால் பாதி அங்கேயே கழிந்துவிடும்.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். "சார், பவர் வேகத்துக்கு இல்ல. ஓவர்டேக் பண்ணத்தான். சட்டுனு தாண்டிப் போறதுதான் சேஃப்டி." பல பேர் சொல்வது இது, இதில் உண்மையும் இருக்கிறது. எதிரும் புதிருமாக வண்டி வரும் இருவழிச்சாலையில் லாரியைத் தாண்டும்போது, எதிர்ப்பக்கத்தில் நிற்கும் நேரம் குறையக் குறைய நல்லது. திணறித் திணறித் தாண்டும் வண்டி ஆபத்தான வண்டிதான்.

ஆனால் கேள்வி கேட்டவனின் ஓட்டம் நான்கு வழிச்சாலையில். அங்கே தாண்டுவதற்கு எதிர்ப்பக்கம் போக வேண்டியதே இல்லை. இருவழிச்சாலையில் போனாலும், கம்பெனி கொடுத்த 150 குதிரையே லாரியைத் தாண்டத் தாராளம். அதை வைத்துக்கொண்டு தாண்ட முடியாத இடைவெளி என்றால், அது தாண்டவே கூடாத இடைவெளி. 190 குதிரை கிடைத்தால் மனிதன் அதே இடைவெளியில் பாதுகாப்பாகத் தாண்டமாட்டான். இன்னும் குறுகலான இடைவெளியைத் தேடிப் போவான். மனித சுபாவம் அது. கூடுதல் பவரால் கிடைக்கும் பாதுகாப்பைக் கூடுதல் துணிச்சல் தின்றுவிடும்.

எஞ்சினின் கதையும் கேளுங்கள். அந்த 1.5 லிட்டர் எஞ்சினோடு வரும் ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி, உலர் கிளட்ச் வகை. அது தாங்கும் அளவாக வடிவமைத்தவர்கள் சொன்னது 250 நியூட்டன் மீட்டர். எஞ்சின் கொடுப்பதும் 250. விளிம்பு வரை ஊற்றிய டம்ளர். அதன் மேல்தான் ரீமேப் போட்டு இன்னும் ஊற்றச் சொல்கிறார்கள். அதோடு ரீமேப் பெரும்பாலும் உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலை நம்பி எழுதப்படுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு நாமக்கல் தாண்டி ஏதோ ஒரு பங்க்கில் அது கிடைக்காமல் சாதா பெட்ரோலை ஊற்றினால், சிலிண்டருக்குள் எரிபொருள் நேரம் கெட்டு வெடிக்கும். நாக்கிங் என்பார்கள். சென்சார் பார்த்துப் பார்த்து எஞ்சினைக் காப்பாற்றும்போது, காசு கொடுத்து வாங்கிய பவரும் காணாமல் போகும்.

"அப்போ எதுவுமே செய்யக் கூடாதா சார்?" நன்றாகச் செய்யலாம். வரிசை இதுதான்.

ஒன்று, டயர். ஒன்றேகால் டன் வண்டிக்கும் பூமிக்கும் நடுவே இருப்பது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர். எஞ்சின், பிரேக், ஏபிஎஸ், ஸ்டீயரிங் எல்லாம் தங்கள் வேலையை அந்த நான்கு உள்ளங்கை வழியாகத்தான் செய்ய முடியும். பிடிமானத்தை ஏபிஎஸ் உண்டாக்காது, இருக்கும் பிடிமானத்தை வீணாக்காமல் பயன்படுத்தும், அவ்வளவுதான். உராய்வுக் கெழு 0.7 என்று மேலே வைத்தோமே, மழையில் தேய்ந்த டயரோடு அதை 0.4 என்று வைத்துப் போடுங்கள். 100 கி.மீ. வேகத்தில் பிரேக் தூரம் மட்டும் 56 மீட்டரிலிருந்து 98 ஆகிவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு ஈர ரோட்டில் நன்றாகப் பிடிக்கும் டயரைவிடப் பெரிய மாடிஃபிகேஷன் கிடையாது.

வாரம் தவறாமல் பெங்களூர் போய்வருகிறவன் ஒன்றரை வருடத்தில் ஐம்பதாயிரம் கி.மீ. தாண்டியிருப்பான். அவன் புது வண்டி என்று நினைத்துக்கொண்டிருப்பதில் டயர் கிழடு. பள்ளங்களுக்கு நடுவே 1.6 மி.மீ. உயரத்தில் ஒரு மேடு இருக்கும். ரப்பர் அதுவரை தேய்ந்தால் சட்டப்படி டயரின் ஆயுள் முடிந்தது. மழைக்கு அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. கடைக்காரர் "புது டயர்" என்றாலும் குனிந்து அந்த எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். அதே பக்கவாட்டில் எச் என்ற எழுத்து இருந்தால் மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும், வி என்றால் 240. கம்பெனி போட்டதைவிடக் குறைந்த எழுத்தை வாங்காதீர்கள்.

டயர் என்றதும் ஒரு மூடநம்பிக்கையையும் ஒழித்துக்கட்ட வேண்டியிருக்கிறது. "கோடையில காத்தைக் கொஞ்சம் குறைச்சு வை, இல்லாட்டி வெடிச்சிரும்" என்று நம் ஊரில் பஞ்சர் கடை முதல் பெரியப்பா வரை சொல்வார்கள். நேர்மாறான அறிவுரை இது. டயர் சூடானால் காற்றழுத்தம் நான்கைந்து பிஎஸ்ஐ கூடும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் டயரையே செய்கிறார்கள். காற்றுக் குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள், வளைத்த இடம் சுடும். அதே சூடுதான் டயருக்குள் ஏறி, கடைசியில் கிழிக்கிறது. கதவோரம் ஒட்டியிருக்கும் அளவை, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால் அந்த ஸ்டிக்கரில் இருக்கும் முழுச்சுமை அளவைப் பிடியுங்கள். டயருக்கு டயர் காற்றழுத்தம் காட்டும் கருவி மலிவாகக் கிடைக்கிறது. அதுவும் மாடிஃபிகேஷன்தான்.

இரண்டு, பிரேக். முதலில் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் சேர்ந்த பின்னால் அதே ஆயிலுக்கு விதி கேட்கும் அளவு 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி. குமிழி அமுங்கும், அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் கீழே போகும், வண்டி நிற்காது. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செங்குத்தாக ஏறத்தாழ 1,800 மீட்டர் இறங்குகிறோம். ஆட்களோடு சேர்ந்து 1,600 கிலோ வண்டி இழக்கும் நிலையாற்றலைக் கணக்குப் போட்டால், 100 கி.மீ. வேகத்திலிருந்து 45 முறை முழுதாக நிறுத்தும் ஆற்றலுக்குச் சமம். குறைந்த கியரில் எஞ்சினை விட்டுப் பிடிக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால், அத்தனை சூடும் அந்தப் பேடுக்கும் ஆயிலுக்கும்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயில் மாற்றுங்கள். பேடு தேய்ந்திருந்தால் நல்ல தரத்தில், உங்கள் மாடலுக்கென்றே செய்ததை வாங்குங்கள். பந்தயப் பேடு வேண்டாம். அது சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் பால் வாங்கப் போகும்போது பிடிக்காது.

மூன்று, வெளிச்சம். ஹாலஜன் பல்புக்கென்று வடிவமைத்த ஹெட்லைட்டில், கிண்ணத்தின் குவியத்தில் இழை எங்கே இருக்க வேண்டும் என்பது மில்லிமீட்டர் கணக்கு. குழியாடிப் பாடம் ஞாபகம் இருக்கிறதா? அந்த இடத்தில் ஆன்லைனில் வாங்கிய எல்இடி பல்பைச் செருகினால் ஒளி சிதறும். உனக்குப் பக்கத்து ரோடு பளிச்சென்று தெரியும், தூரம் தெரியாது. எதிரே வருகிறவனுக்கு எதுவுமே தெரியாது. கண் கூசியவன் உன் மேலேயே வந்து மோதினால் தப்பு யார் மேல்? மங்கிப்போன கண்ணாடியைத் துடைத்து மெருகேற்றுங்கள், விளக்கின் குறியைச் சரிபார்த்துப் பொருத்தச் சொல்லுங்கள், வைப்பர் ரப்பரை மாற்றுங்கள், எதிரே வண்டி வந்தால் டிம் பண்ணுங்கள். கடைசியாகச் சொன்னதற்குச் செலவே இல்லை.

இந்த மூன்றுக்கும் பிறகு ஷாக் அப்சார்பர், வீல் அலைன்மென்ட். அதன்பிறகு பின்சீட் பெல்ட். 2022 செப்டம்பரில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மும்பைக்கு வடக்கே விபத்தில் இறந்தபோது, பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று காவல்துறை சொன்னது. விலை உயர்ந்த பென்ஸ் காரும் பெல்ட்டின் வேலையைத் தானாகச் செய்துவிடவில்லை. நம் வீட்டுக் கார்களில் பின்சீட் பெல்ட்டின் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. தோண்டி எடுங்கள். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் வண்டிக்கு அதை மூடித் தைத்த கவரும் போடாதீர்கள்.

இனிச் செய்யக் கூடாதவை. 16 இஞ்ச் சக்கரத்தில் 205/55 டயரின் பக்கச்சுவர் 113 மி.மீ. உயரம். 18 இஞ்ச் சக்கரத்தில் 215/40 போட்டால் அது 86 மி.மீ. குழியில் விழும் அடியை வாங்கிக்கொள்ள இருந்த ரப்பரில் ஒரு இஞ்சுக்கு மேல் போயிற்று. இனி அடி ரிம்முக்கு. வண்டியைத் தரையோடு இறக்கினால் நம் ஊர் வேகத்தடை எல்லாம் வயிற்றைக் கிழிக்கும். எக்ஸாஸ்ட்டிலிருந்து வினையூக்கி மாற்றியைக் கழற்றி எறிவது, பின்னால் ஸ்கூட்டியில் வரும் பிள்ளையின் மூக்கில் விஷத்தை ஊதுவது. முன்னால் இரும்புக் கம்பி பொருத்துவதைத் தடுக்கச் சொல்லி 2017-லேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் சொன்னது.

சட்டம் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கிறது. கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், இழப்பீடு கேட்டுப் போகும் நாளில் உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

எதிர்ப்பக்கத்தில் என் சொந்தக்காரர்கள் சிலர் இதைப் படித்துவிட்டு, "அதான் மாமா, கம்பெனி குடுத்ததுல கையே வைக்கக் கூடாது" என்று சந்தோஷப்படுவார்கள். உங்களுக்கும் பூசை உண்டு. கையே வைக்காமல் ஆறு வருடம் அதே டயரில், கறுத்துப்போன பிரேக் ஆயிலோடு, குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் போகிறீர்கள். ரீமேப் போடுகிற பையனுக்காவது வண்டியின் மேல் ஆசை இருக்கிறது. உங்களுக்கு அலட்சியம்தான் இருக்கிறது. டயர் வெடித்தால் "விதி" என்பீர்கள். விதியைப் படிக்க ஜோசியர் வேண்டாம், டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கிறது.

பைபாஸ் ஓரம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கெட்டிக்காரர்கள். பையன் எக்ஸாஸ்ட் கேட்டு வந்தால், "முதல்ல வண்டிய லிஃப்ட்ல ஏத்து" என்று சொல்லுங்கள். டயரையும் பேடையும் அவன் கண்ணுக்குக் காட்டுங்கள். வியாபாரம் குறையாது, பில்லில் வரிசைதான் மாறும். நம் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த பூட்டை நினைத்துப் பாருங்கள். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது அதன் பளபளப்புக்காகவா? உள்ளே யார் கண்ணுக்கும் தெரியாமல் இருக்கும் லீவர் ஒவ்வொன்றையும் அரத்தால் ராவிப் பொருத்திய கைகளுக்காக. திண்டுக்கல்காரனுக்கு, வெளியே தெரியாத வேலையின் அருமையை வேறு ஊர்க்காரன் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி கேட்ட தம்பிக்கு என் விடை: நான்கு நல்ல டயர், தேய்ந்திருந்தால் பேடு, புது பிரேக் ஆயில், அலைன்மென்ட், ஷாக் அப்சார்பர் பரிசோதனை, காற்றழுத்தக் கருவி, விளக்குகளின் குறி. எல்லாம் சேர்த்தாலும் பெரும்பாலும் உன் இரண்டு லட்சத்தில் பாதியைத் தாண்டாது. அதற்குப் பிறகும் வேகம் வேண்டும் என்று கால் துறுதுறுத்தால், அந்த ஆசையில் ஒன்றும் தப்பில்லை. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பந்தயத்தடம் இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் நம் கோயம்புத்தூர்க்காரர்தான். பணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, தடத்தில் ஓட்டு. அங்கே சைக்கிள் பெரியவர் வரமாட்டார், நூற்பாலைப் பெண்கள் ரோட்டைக் கடக்கமாட்டார்கள், பழனிக்கு நடந்து போகிறவர்கள் இருக்கமாட்டார்கள். நீ எடுக்கும் ஆபத்து உன்னோடு நிற்கும்.

மறுப்பு இருந்தால் கமெண்டில் தாராளமாக எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. எழுதுவதற்கு முன்னால் கீழே இறங்கிப் போய் உங்கள் வண்டியின் நான்கு டயரிலும் அந்த நான்கு இலக்க எண்ணைப் படித்து, கமெண்டின் முதல் வரியில் போட வேண்டும். ஸ்டெப்னி டயரின் எண்ணையும் சேர்த்து. வராத எண்ணுக்கு மார்க் கிடையாது.